லேபிள் உரித்த டிஸ்க்குகள்

வீட்டுக்காரருக்கு லேபிள் என்றாலே ஆகாது. எந்தப் பாட்டில் வீட்டுக்குள் வந்தாலும் வெந்நீரில் ஊறப்போட்டு, உரித்து, பசை போகத் தேய்த்து வைத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். உப்பா சர்க்கரையா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் அவர் மனைவி சமைக்க வேண்டும். இதில் அவருக்குப் பெருமை வேறு.

அந்தக் கைதான் அன்று பழைய கம்ப்யூட்டரைத் திறந்தது. ஹார்ட் டிஸ்க் ஒரு வாரமாக டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. மனைவி தையற்காரி. இத்தனை வருஷமாக அவள் வரைந்த வெட்டு மாதிரிகள் அத்தனையும் அதில்தான் இருந்தன, வேறெங்கும் இல்லை.

"இன்னும் ஒரு தடவை ஓடினாலே பெரிசு. கழட்டினதும் நேரா நான் குடுத்த காப்பி எடுக்கிற பெட்டியில ரெண்டையும் மாட்டிடுங்க. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. மாத்தி வச்சீங்கன்னா மொத்தமும் அழிஞ்சிடும்," என்று கம்ப்யூட்டர் கடைக்காரர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பழையதைக் கழற்றினார். ஒரே தூசி. சும்மா இருப்பாரா? துடைத்தார். லேபிள் ஓரம் கிழிந்திருந்தது, உரித்தார். புதியதை மட்டும் விட்டுவைப்பானேன் என்று அதையும் உரித்தார். இரண்டையும் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்துவிட்டு, திருப்தியாக டீ குடிக்கப் போனார்.

திரும்பி வந்து பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. தேடி அலைந்து அதே மாடலை வாங்கி வந்தவரும் அவரேதான்.

ஏதோ ஒன்றை இடது பக்கம் மாட்டிப் பட்டனை அமுக்கிவிடலாம். மாதிரிகள் போனால் பழைய டிஸ்க்கின் தலையில் பழியைப் போட்டுவிடலாம். விரல் பட்டன் வரைக்கும் போய்விட்டது. பக்கத்து அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு வெட்கமாகிவிட்டது.

"கொஞ்சம் வாயேன்," என்று கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார்.

அவள் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது. இரண்டையும் ஜன்னலோரம் எடுத்துப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தையலைப் பிரிச்சாலும் ஊசி போன தடம் இருக்கும்ங்க. இதோ, இந்த ஓட்டையில ஸ்க்ரூ உரசின கோடு இருக்கு. அதுல ஒண்ணுமே இல்ல. இதுதான் பழசு."

அவளே இடது பக்கம் மாட்டி, பட்டனை அமுக்கினாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் பெட்டியை விட்டு அசையவில்லை. புதிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டியதும் மாதிரிகள் ஒன்றுவிடாமல் திரையில் வந்தன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலையில் சமையலறையில் இரண்டு பாட்டில்களிலும் காகிதம் ஒட்டியிருந்தது. உப்பு, சர்க்கரை. அவர் கையெழுத்துதான், கோணாமல் வெட்டி ஒட்டியிருந்தார். அவள் பார்த்துச் சிரித்தாள்.

பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே போட்டாள்.