மேடை ஏறாத சீருடை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு முழம் மல்லிகையால். கடலூரில் எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஜெயராணி ராணுவ உடையில் நின்றிருந்தாள். அவள் அம்மா சௌந்தரம் பூவோடு ஓடிவந்தார்.

"யூனிஃபார்ம்ல பூ வைக்கக் கூடாதும்மா."

சௌந்தரம் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பூவைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு காரில் ஏறினார். அன்று நடந்ததைப் பிற்பாடு ஜெயராணி சொன்னாள். அவள் சொல்லாமல் விட்ட இடங்களை நான் நிரப்பியிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

'வங்கக் கடலின் அலையோசையில் வளர்ந்த வீரமங்கை, பகைவர் நடுங்க—'

அடித்துவிட்டேன். ஜெயராணி ராணுவக் காவல் பிரிவில் லான்ஸ் நாயக், சிப்பாய்க்கு ஒரு படி மேலே. பகைவர் யாரையும் அவள் இதுவரை பார்த்ததில்லை. வடக்கே ஒரு முகாமின் வாசலில் நின்று வருகிற போகிற சிப்பாய்களின் உடையையும் நடையையும் கவனிப்பவள். அடுத்தவர் சட்டைப் பொத்தானைக் கேள்வி கேட்பது வேலை என்பதால், தன் பொத்தானுக்கு அவள் சலுகை தருவதே கிடையாது.

(சீருடையில் நடந்துகொண்டே தின்னக் கூடாது, பாக்கெட்டில் கை விடக் கூடாது, போனைப் பார்த்துக்கொண்டு நடக்கக் கூடாது. இதைக் கேட்டதிலிருந்து என் கைகளை எங்கே வைத்துக்கொள்வதென்று எனக்கு விளங்கவில்லை.)

3

விடுமுறையில் வந்தவளைச் சிதம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளி விழாவுக்கு அழைத்திருந்தார்கள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கித்தான் சீருடை போட்டாள். காரை ஓட்டியவர் அவளுடைய தாய்மாமன் சுப்பராயலு. கட்சிக்காரர்.

புதுச்சத்திரம் தாண்டியதும் பந்தல் ஒன்றின் முன்னால் கார் நின்றது. கொடிகள், மேளம், மேடை.

"அஞ்சே நிமிசம்டா கண்ணு. மேல ஏறி ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடு. நம்ம ஊட்டுப் பொண்ணு மிலிட்டரின்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன்."

"கட்சி மேடைல நாங்க ஏறக் கூடாது மாமா."

"சரி, துணிய மாத்திட்டு வா."

"சாதாத் துணிலயும் கூடாது மாமா. நாளைக்கு உங்க ஊட்டுக்குச் சாப்புட வர்றேன். யாரக் கூப்புட்டு வேணா காட்டுங்க."

மாமாவின் கழுத்து சிவந்தது. "உங்கப்பன் நெஞ்சப் புடிச்சிட்டு உழுந்தப்ப இதே கார்லதான் தூக்கிப் போட்டுட்டு ஓடுனேன். அப்ப நான் ரூல்ஸ் பாத்தனா?"

இந்த இடத்தில் மாமாவைக் கெட்டவராக எழுதிவிட ஆசை வந்தது. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் உண்மை. அன்று அவர் ஓடியிருக்காவிட்டால் அப்பா இன்று வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

எப்படி நிற்பது என்று ஜெயராணிக்குப் பயிற்சியில் மாதக்கணக்கில் சொல்லித் தந்தவர்கள் இதற்கு எதுவும் சொல்லித் தரவில்லை. "மறக்கல மாமா. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றாள். இறங்கினாள். தன் பிரிவின் சிவப்புத் தொப்பியை வைத்து, சட்டையை இழுத்து நேராக்கினாள். ஒருவர் பொன்னாடையோடு ஓடிவந்தார். ஓரடி பின்வாங்கி, "மன்னிச்சிக்குங்கண்ணே, வாங்கிக்க முடியாது" என்றாள் மெதுவாக. நாலைந்து போன்கள் அவள் பக்கம் திரும்பின. அவள் தலை குனியவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

அப்போது காரின் பின்கதவு திறந்தது.

"அண்ணே, மேடைக்கு நம்ம ஊட்டுப் பொம்பள ஒருத்தி வேணும். அவ்ளோதான? நான் வர்றேன்" என்றார் சௌந்தரம். "நான் எந்தப் பட்டாளத்துலயும் இல்ல."

"நீ எதுக்கு?"

"நீ எங்களுக்குச் செஞ்சதுக்கு நான் வர்றேன். அவள உடு."

பிறகு மகளிடம், "பஸ் வருது பாரு, ஓடு" என்றார். அடுத்த நொடியே, "ஓடக் கூடாதோ? அப்ப வேகமா நட" என்றார்.

மகள் பள்ளி மேடையில் நிற்பதைப் பார்க்கத்தான் சௌந்தரம் அன்று பட்டுப்புடவை கட்டியிருந்தார்.

4

முடிவுகள்.

(அ) பஸ் படியிலிருந்து ஜெயராணி அம்மாவுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் அடிக்கிறாள். எழுதி அவளிடம் காட்டினேன். "நெனச்ச எடத்துல அடிக்கறது இல்ல சார் சல்யூட்டு" என்று சிரித்தாள். நீக்கிவிட்டேன்.

(ஆ) சுப்பராயலு மனம் மாறிப் பள்ளிக்கு வந்து கைதட்டுகி— இல்லை. அவர் வரவில்லை. மறுநாள் அவள் சாப்பிடப் போனபோது மீன்குழம்பு ஊற்றினார், முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாம் முறை கேட்காமலே ஊற்றினார் என்பது மட்டும் உண்மை.

(இ) நடந்தது இதுதான். பந்தல் கூட்டத்தில் பஸ் நகராமல் நின்றது; உள்ளே கம்பியைப் பிடித்து நின்றபடி ஜெயராணி பார்த்தாள். மேடையில், வெள்ளை வேட்டிகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் அம்மா உட்கார்ந்திருந்தார். முதுகு சாயவில்லை. முழங்கால்மேல் இரண்டு கைகளும் அசையாமல் இருந்தன. யாரோ மைக்கை நீட்டினார்கள். சௌந்தரம் எழுந்தார், பேசினார். பந்தலில் மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

என்ன பேசினார் என்று மகள் கேட்டதற்கு, "உன்னப் பத்தி இல்லடி" என்றாராம். நான் கேட்டதற்குக் காபி கொடுத்தார்.

அந்தப் பேச்சை நான் எழுதப் போவதில்லை. வேண்டுமானால் நீங்கள் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள்.