கடைசிப் பகுதிக்கு முன் அக்கா கேட்டது

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. சந்தேகப்பட்டவள் என் அக்கா, சந்தேகம் என் மேல். நான் தொலைக்காட்சிக்கு மர்மத் தொடர் எழுதிப் பிழைப்பவன். இப்போது ஓடும் தொடரில் ஒருவன் வீட்டை விட்டுக் காணாமல் போகிறான். அக்காவின் கணவர், என் அத்தான், நான்கு வருடம் முன்பு அப்படித்தான் போனார். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று [இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விடுங்கள்.]

2

தொழில் ரகசியம் ஒன்று. எழுதுகிற எங்களுக்கே முடிவு தெரியாது. தடயங்களை முதலில் தூவிவிடுவோம். குற்றவாளியைக் கடைசி மாதத்தில் உட்கார்ந்து தேடி, ஓரளவு பொருந்துகிறவர் தலையில் கட்டிவிடுவோம். அதனால்தான் கடைசியில், "இதுக்கா இத்தனை நாள் உட்கார்ந்தோம்?" என்று திட்டுகிறீர்கள். நியாயம்தான். ஆனால் உங்களையும் நான் முழுசாக நம்புவதில்லை. விடை கிடைத்த மறுநாள் நீங்கள் என்ன செய்வீர்கள்? அடுத்த மர்மத்தைத் தேடுவீர்கள்.

3

கடைசிப் பகுதியை நாளை தர வேண்டும். இன்று காலை அக்கா வந்தாள்.

"நேத்து தொடர்ல, அவன் போறப்ப மூக்குக்கண்ணாடியத் துடைச்சு பொண்டாட்டி தலையணை மேல வச்சுட்டுப் போறானே. அது உனக்கு எப்படிடா தெரியும்?"

"சும்மா தோணுச்சுக்கா."

"கதை விடாத. உங்க அத்தான் அப்படித்தான் வச்சுட்டுப் போனாரு. நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அவரு உங்கிட்ட பேசுறாரு, இல்ல?"

[ஒளிப்பதிவாளர் நெருக்கமான காட்சி ஒன்று கேட்டார், அதற்காகக் கற்பனை செய்தேன் என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். பொய். அடித்துவிட்டேன்.]

4

மூக்குக்கண்ணாடி விஷயத்தை அத்தான் போன மறுநாள் அவளேதான் சொன்னாள், என் தோளில் சாய்ந்து அழுதபடி. சொன்னது அவளுக்கு நினைவில்லை. நானோ வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குறித்துக்கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. அத்தான் எங்கே என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

5

தொடருக்கு யோசித்திருக்கும் முடிவுகள்:

அ) காணாமல் போனவன் இறந்துவிட்டான். தடயங்கள் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இயக்குநருக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

ஆ) வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு [எழுதக் கை வரவில்லை.]

இ) திரும்பி வருகிறான். யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா நம்புவாள், போய் வாசலில் நிற்பாள்.

6

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அவரு எங்க இருக்காருன்னு நீ சொல்ல வேணாம். உனக்குத் தெரியும்ல? அது போதும். நாலு வருஷத்துல நேத்துதான்டா நான் நிம்மதியாத் தூங்குனேன்."

அவள் அழுகையிலிருந்து திருடினேன் என்று சொன்னால் சந்தேகம் தீர்ந்துவிடும். அத்தான் எங்கே என்று தெரிந்தவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

"சொல்லுடா. தெரியும்ல?"

இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எதிர் நாற்காலியில் இன்னும் இருக்கிறாள், என் வாயையே பார்த்தபடி. முடிவு சரியில்லை என்று திட்டத் தெரிந்தவர் நீங்கள். இந்த ஒன்றை நீங்களே முடித்துவையுங்கள். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.