மோரில் கலந்த பொடி

பூண்டு கட்டுகிற சோலியில் கைக்குத்தான் வேலை, வாய்க்கு அவல் வேண்டும். அன்றைக்கு வாசலில் கூடியிருந்த பெண்களுக்கு அவலாகக் கிடைத்தவள் ரோகிணி.

"கண்ணு ரெண்டும் மஞ்சளாக் கெடக்கு. வெதைப்பூண்டுல கைய வச்சிராத ஆத்தா, அழுகிப்போகும்" என்றாள் காளியாயி. ரோகிணியின் புருஷன் பாலமுருகனுக்கு அக்கா அவள்.

விதைக்கு எடுத்த பூண்டைத் தாளோடு கட்டி, அடுப்புப் புகை படும்படி பரணில் தொங்கவிடுவது மலைமேல் இருக்கும் மன்னவனூர்ப் பக்கத்து வழக்கம். சீக்காளி தொட்ட விதை முளைக்காது என்பதும் பாலமுருகன் வீட்டில் ஒரு பேச்சு. பூண்டுக்கு இவ்வளவு ரோஷம் உண்டென்று ரோகிணிக்கு இப்போதுதான் தெரிந்தது.

மார்பில் இருந்த கட்டியை அறுத்தெடுத்த பிறகு, மதுரையில் அவளுக்குக் கீமோ ஊசி ஏற்றினார்கள். பாதியிலேயே ஈரல் நொந்து கண் மஞ்சளானது. "இது ஊசி மருந்தோட வேலைம்மா, சில பேருக்கு ஈரல் தாங்காது. அது தேறுனாத்தான் அடுத்த ஊசி. நாட்டு மருந்து ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லைங்க" என்றாள் ரோகிணி. அவளுக்குத் தெரிந்து அது சத்தியம். ஆனாலும் ஒவ்வொரு ரத்தச் சோதனையிலும் ஈரல் மோசமாகவே இருந்தது. ஊசி தள்ளிப்போனது. அதற்குள் கட்டி திரும்பி வந்துவிடுமோ என்று அவள் பயந்தாள்.

"சாராயம் குடிக்காமயா காமாலை வரும்?" என்று ஒருத்தி முணுமுணுக்க, நாலு பேர் சிரித்தார்கள். காளியாயி ரோகிணியின் மோர்த் தம்ளரைக் காலால் ஒதுக்கினாள். "இத அங்கிட்டு வைங்கடி, ஒட்டிக்கிரும்."

ரோகிணிக்கு உச்சந்தலை எரிந்தது. கண் மஞ்சளானதிலிருந்து தினமும் காலையில் பாலமுருகன் தருகிற மோர் அது. கசக்கும். கீமோ ஆரம்பித்ததிலிருந்து சர்க்கரைகூட அவளுக்குக் கசந்ததால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதி மிச்சமிருந்த தம்ளரை எடுத்து, கட்டிய பூண்டை உள்ளே கொண்டுபோக வந்த புருஷனிடம் நீட்டினாள்.

"குடிங்க. ஒட்டுதா இல்லையான்னு இவுக பாக்கட்டும்."

பாலமுருகன் கை நீட்டவில்லை.

"உங்களுக்குமா பயம்?" ஊர் பேசியதைத் தாங்கியவளுக்கு இதைத் தாங்க முடியவில்லை.

"பயமில்ல புள்ள... அதுல காமாலைப் பொடி கலந்திருக்கு. அக்கா குடுத்துச்சு. தெரிஞ்சா நீ குடிக்க மாட்டேன்னு சொல்லாமக் கலக்குனேன்."

ரோகிணி மெல்லத் திரும்பித் தம்ளரைக் காளியாயியிடம் நீட்டினாள். "மருந்துதான மதினி? ஒரு வாய் குடிங்க."

"ஆத்தாடி! நல்ல ஒடம்புக்கு அது ஆகாது. கொடலப் பெரட்டிரும்."

"நல்ல ஒடம்பையே பெரட்டுறது, நொந்துபோன என் ஈரலை என்ன பண்ணியிருக்கும்?"

சிரித்தவர்கள் குனிந்து பூண்டைக் கட்ட ஆரம்பித்தார்கள்.

"நல்லது நெனச்சுத்தான் செஞ்சேன்" என்றாள் காளியாயி.

"கேலியும் பண்ணுவீங்க, களவாணித்தனமா மருந்தும் குடுப்பீங்க. டாக்டரம்மா கேட்டப்ப ஒண்ணும் சாப்பிடலைன்னு சொன்னேனே, என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே ரெண்டு பேரும்!"

பாலமுருகன் பொடிப் பொட்டலத்தைக் கொண்டுவந்து அடுப்பில் போடப் போனான்.

"எரிக்காதீங்க. டாக்டரம்மா அதப் பாக்கணும். வெரசா ஜீப்பைக் கூப்பிடுங்க."

ஜீப் வந்து நின்றது. "அந்தப் பொடியில எத்தன பேரு பொழச்சிருக்காக..." என்று காளியாயி மறுபடி ஆரம்பித்தாள். அக்கா முன்னால் ஒருநாளும் குரல் உயர்த்தாத பாலமுருகன் கத்திவிட்டான்.

"வாய மூடுக்கா! கீமோ ஏத்துற ஒடம்புக்கு டாக்டரக் கேக்காம ஒரு பச்செலகூடக் குடுக்கக் கூடாது. சீக்காளிக்கே தெரியாமக் குடுக்குறது பாசமில்ல, பாதகம். நான் செஞ்சது அதுதான்."

ரோகிணி பொடிப் பொட்டலத்தை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மன்னிக்கிற நிலையில் அவள் இல்லை. ஜீப்பில் ஏறப் போனவள் திரும்பி வந்து, விதைப்பூண்டில் ஒரு கை அள்ளிக் காளியாயியின் மடியில் போட்டாள்.

"இதத் தனியா நடுங்க மதினி. மொளைக்குதா இல்லையான்னு நானே வந்து பாப்பேன்."