இரட்டிப்பாகாத பிள்ளைகள்

மகளை அடக்கம் செய்த அன்று பேராசிரியருக்கு அழுகை வரவில்லை. ஆராதனை நடத்திய இளம் போதகர் கல்லறையில் வசன எண்ணைத் தப்பாகச் சொன்னதைத்தான் கவனித்தார். இறையியல் கல்லூரியில் பழைய ஏற்பாடு நடத்தி நடத்தி மனுஷனுக்கு அது ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது. ஒரே மகள். நெஞ்சுக்குள் மரத்துப்போன கால் மாதிரி ஏதோ ஒன்று கிடந்தது, அவ்வளவுதான்.

அவருக்கும் மச்சானுக்கும், அதாவது மனைவியின் அண்ணனுக்கும், கல்யாணமான நாளிலிருந்து ஒரு தீராத வழக்கு. மச்சானும் ஒரு சபையின் போதகர். வேதாகமத்தில் சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் சாவுக்குப் பறிகொடுத்த யோபுவுக்கு, சோதனையெல்லாம் முடிந்தபின் ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை எல்லாம் இரண்டு மடங்காகக் கிடைக்கின்றன. பிள்ளைகள் மட்டும் பழையபடி பத்துப்பேர்தான். ஏன்? முதல் பத்துப்பேரும் தேவனிடத்தில் உயிரோடு இருக்கிறார்கள், கூட்டிப்பார்த்தால் கணக்கு சரி என்பார் மச்சான். எபிரெய மூலத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை, நீங்களாக ஒட்டவைத்த ஆறுதல் என்பார் இவர். விருந்தானாலும் விசேஷமானாலும் இருவரும் பிடித்த பிடியை விடமாட்டார்கள். "ஆரம்பிச்சுட்டாங்கய்யா" என்று மகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவாள்.

வந்தவர்கள் எல்லோரும் போய் மூன்று பேர் மட்டும் மிஞ்சியதும், மனைவி இவரை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"அந்த யோபு விஷயத்தை அண்ணன்கிட்ட கேக்கப்போறேன். எனக்குக் கேக்கணும் போல இருக்கு. இன்னைக்கு ஒரு நாள் குறுக்க பேசாதீங்க."

பேசமாட்டேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். இந்த வழக்கில் ஒருமுறை தோற்றுப்போனால் போதும் என்று அவருக்கும் இருந்தது. தோற்பதற்கு இவ்வளவு ஆசைப்படுவோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

மச்சான் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். ஆடு, ஒட்டகம், மாடு, கழுதை. பிறகு பத்துப் பிள்ளைகள். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைங்க இல்லாம போகலம்மா. இருக்காங்க. அதான் ரெண்டு மடங்கா குடுக்கல."

அங்கே நிறுத்தினார். வருஷக்கணக்காக அந்த இடத்தில் நிறுத்திப் பழக்கம். அங்கேதான் பேராசிரியர் மறுப்பார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இவருடைய பழக்கம் கல்லறைவரை போய்விட்டு வீட்டுக்கும் திரும்பி வந்திருந்தது.

"அதே யோபுதானே மச்சான், படுத்த மனுஷன் எழுந்திருக்கிறதில்லைன்னு பதினாலாம் அதிகாரத்துல சொல்றாரு?"

வகுப்பில் பேசும் அதே நிதானம். சொல்லி முடித்த பிறகுதான் அது தன்னுடைய குரல் என்று அவருக்கு உறைத்தது.

மனைவி கோபப்படவில்லை. அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கு நீ என்ன பதில் சொல்லுவ, அண்ணா?"

மச்சானிடம் அதற்கு எப்போதும் ஒரு பதில் உண்டு. அவர் தொடங்குமுன்பே மகள் அடுத்த அறையிலிருந்து அதை அவர் குரலிலேயே ஒப்பித்துச் சிரிப்பாள். மச்சான் வாயைத் திறந்தார். தங்கையின் கையை விட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"சொல்லுங்க மச்சான்," என்றார் பேராசிரியர். "எப்பவும் சொல்லுவீங்களே."