நிலைக்கு அந்தப் பக்கம்

நிலைக்கால் இரண்டிலும் மஞ்சள் ஈரமாக வழிகிறது, அதன்மேல் குங்குமம், நடுவில் ஆள் நுழைய வேண்டிய இடத்தில் செங்கல், போக முடியாத ஒரு வாசலுக்குக் குணவதி வெள்ளிக்கிழமை தோறும் பொட்டு வைக்கிறாள். பல்லாவரத்தில் பனைமரமும் கல்குவாரித் தூசியும் மட்டும் இருந்த காலத்தில், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த அவள் தாத்தா கட்டிய வீடு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பு, செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிய மெட்ராஸ் தளம், அதைத் தாங்கும் தேக்கு உத்தரங்கள் நடுச்சுவரைத் தாண்டி இரண்டு கூடத்துக்கும் ஒன்றாகவே ஓடும், பிறகு முன்னால் மொசைக் போட்ட அறை வந்தது, பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் அடுப்படி வந்தது, கிணறு யாருக்கு என்று அப்பாவும் சித்தப்பாவும் முறைத்துக்கொண்ட நாள்வரை வீடு வளர்ந்துகொண்டேதான் இருந்தது. பாகம் பிரித்தபோது நடுச்சுவரின் ஒரே வாசலை அடைக்க வேண்டியிருந்தது, குடியிருக்கிற வீட்டில் நிலையைப் பெயர்த்தால் ஆகாது, நான் தொடமாட்டேன் என்றுவிட்டார் கொத்தனார், அதனால் கதவு மட்டும் போனது, நிலை நின்றது, உள்ளே செங்கல் அடுக்கிப் பூசினார்கள், அடுத்த கோடையில் மரம் சுருங்கி மேல்சட்டத்துக்குக் கீழே இரண்டு விரல் இடைவெளி விழுந்தது, அப்பா கவனிக்கவில்லை, ஏழு வயதுக் குணவதி கவனித்தாள்.

அந்த இடைவெளி வழியாகத்தான் சித்தி வந்துகொண்டிருந்தாள், கிரைண்டர் ஓசையாக, கருவாட்டு வாசனையாக, டிவியில் வரும் மாமியாரைப் பார்த்து நீ நல்லா இருப்பியாடி என்று கேட்கும் குரலாக, நடுவே சித்தப்பாவின் இருமல். ஒரு வார்த்தைகூட அந்தப் பக்கம் போகக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார், குணவதி மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விட்டாள். அம்மா இறந்த அன்று சித்தி கேட்வரை வந்தாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தெருக்காரர்களோடு நின்றுவிட்டுப் போனாள், குணவதிக்கு ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, சமையல் வந்தது, மத்தியானங்களில் செங்கல்லில் சாய்ந்து அரிசி பொறுக்குகிறாள், முறம் மடியிலேயே இருக்கிறது, கண் செருகுகிறது, அம்மா அந்தப் பக்கத்திலிருந்து என்னவோ சொல்கிறாள், விழித்தால் சித்தியின் குரல்.

இன்று சித்தி வீட்டு வாசலில் லாரி நிற்கிறது. அவர்கள் பாகத்தை விற்றாயிற்று, திங்கட்கிழமை இடிக்கிறார்கள், அங்கே உத்தரத்தை அறுத்தால் இங்கேயும் தளம் விரிசல் விடும் என்று இன்ஜினியர் அப்பாவை எச்சரித்துவிட்டுப் போனார், குணவதிக்குத் தளத்தைப் பற்றிக் கவலையில்லை, நாளையிலிருந்து யார் இருமுவார்கள் என்பதுதான். சாமான் எல்லாம் போய்விட்ட அந்தக் கூடம் எதிரொலிக்கிறது, வளையல் சத்தம், ஈரத்துணியால் மரத்தைத் துடைக்கிற சத்தம், சித்தியும் தன் பக்கத்து நிலைக்கு மஞ்சள் பூசுகிறாள், பிறகு மேலே இடைவெளியிலிருந்து, குணா, அங்கதானேடி இருக்கே.

செங்கல்லில் சாய்ந்திருந்த குணவதி தலையை மட்டும் தூக்கினாள்.

எனக்குத் தெரியும்டி நீ உக்கார்ற இடம், அம்மா போனப்புறம் நீ அழுதப்பல்லாம் நானும் இந்தப் பக்கம் சாஞ்சு உக்காந்திருந்தேன், உன் ரசத்துல பெருங்காயம் ஜாஸ்தி, மூணு வருஷமாச் சொல்லணும்னு இருக்கேன்.

சித்தி சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், லாரியின் ஹார்ன் அடித்தது. குணவதி வாயைத் திறந்தாள், பதினோரு வருஷம் அடக்கி வைத்த தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது, அந்தப் பக்கம் செருப்புச் சத்தம் தள்ளிப் போனது, சின்னதாகிக்கொண்டே போனது, குணவதி எழுந்தாள், கூடத்தைத் தாண்டி, மொசைக் அறையைத் தாண்டி, வாசலில் நாற்காலி போட்டு லாரியைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்த அப்பாவையும் தாண்டினாள், எங்க போறே என்றார் அப்பா.

சித்தி வீட்டுக்கு, என்றாள், சுவருக்கு இரண்டு பக்கமும் கேட்கும்படி.