மூணாம் நம்பர் ஃப்ரிட்ஜ் அனுப்பிய ஐந்து மெசேஜ்கள்

ஒரே ஒரு போன் நம்பர். அது எந்த ஃபைலில் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதற்காகக் காலை ஒன்பது மணியிலிருந்து ஒருத்தி தண்ணீர்கூடக் குடிக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றால் யாராவது நம்புவார்களா? அந்த மருந்துக் கிடங்கில் அவளை எல்லோரும் சர்வர் மேடம் என்பார்கள். கிடங்கின் மொத்த வேலையையும் தாங்குகிற பெரிய கம்ப்யூட்டரைக் கட்டி மேய்ப்பவள் அவள் ஒருத்திதான்.

நடந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் பின்அறையில் இருந்த மூணாம் நம்பர் ஃப்ரிட்ஜ் படுத்துவிட்டது. உள்ளே இன்சுலின். சூடு ஏறினால் சர்வர் உடனே ஸ்டோர்கீப்பரின் போனுக்கு மெசேஜ் அனுப்பும். முன்பக்க கவுண்ட்டரில் இருக்கும் அவர் ஓடிப்போய் மருந்தை அடுத்த ஃப்ரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். அவர் ஓடவில்லை. சாயங்காலம் பூட்டப் போகும்போதுதான் பார்த்தார். நாற்பது பெட்டியும் வீண்.

ஸ்டோர்கீப்பருக்குக் கிடங்கில் ஸ்வெட்டர் அண்ணன் என்று பெயர். வெளியே வெயில் கொளுத்தினாலும் கழுத்துவரை பட்டன் போட்ட சாம்பல் ஸ்வெட்டரோடுதான் திரிவார். பத்தொன்பது வருஷத்தில் ஒரு மாத்திரை அட்டையைக்கூட இடம் மாற்றி வைக்காத மனுஷர். "எனக்கு மெசேஜே வரலைங்க" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். மேனேஜர் நம்பவில்லை. திங்கட்கிழமை காலையில் சர்வர் மேடத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் சர்வரின் பதிவைத் திறந்து பார்த்தாள். 'அனுப்பியாயிற்று' என்று ஐந்து வரி இருந்தது. "அனுப்பியிருக்கு சார், அஞ்சு தடவை" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார், வேலையை விட்டு எடுக்க வேண்டியதுதான் என்று மேனேஜர் முடிவு கட்டினார். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்கு ஹெட் ஆபீஸுக்கு லெட்டர் போகும்.

செவ்வாய் காலையில் ஸ்வெட்டர் அண்ணன் வந்து தன் போனை அவள் மேஜையில் வைத்தார்.

"நீங்களே பாருங்க மேடம். நான் எதையும் அழிக்கல. எனக்கு அழிக்கவே தெரியாது."

பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மெசேஜும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அனுப்பியாயிற்று என்று பதிவு சொன்னதே தவிர, யாருக்கு என்று சொல்லவில்லை. அதை அவளும் கேட்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுடறேன் அண்ணே" என்றாள். "மூணு மணிக்குள்ள மேடம்" என்றார் அவர்.

சர்வரின் எல்லா அமைப்புகளும் /etc என்ற ஒரே கோப்புறைக்குள் இருக்கும். ஒன்றா இரண்டா, ஆயிரத்துச் சொச்சம் ஃபைல். திறந்து திறந்து பார்த்தால் ஆயுசு போதாது. அதற்குத்தான் கிரெப் என்று ஒரு கட்டளை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அத்தனை ஃபைலுக்குள்ளும் புகுந்து, அந்தச் சொல் இருக்கிற வரிகளைக் கொண்டுவந்து போடும். அதை ஒவ்வொரு தடவையும் நீளமாக அடிக்கச் சோம்பல்பட்டு, மூன்று வருஷத்துக்கு முன்பே 'தேடு' என்று ஒரு குறுக்குவழி எழுதி வைத்திருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தேடு என்றாள். அண்ணனின் நம்பர் ஒரே ஒரு ஃபைலில் கிடைத்தது. சரியான ஃபைல், சரியான நம்பர், ஒரு இலக்கம் பிசகவில்லை. அனுப்ப வேண்டிய நம்பர் என்று வேறு எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடினாள். அலாரம் என்று தேடினாள். ஃப்ரிட்ஜ் என்று தேடினாள். திரும்பத் திரும்ப அதே ஒரு ஃபைல்தான் வந்து நின்றது. நம்பரும் சரி, மெசேஜும் போயிருக்கிறது, போனில் மட்டும் இல்லை. இதென்ன கூத்து? போன் கம்பெனியைக் கூப்பிட்டாள். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காட்டிவிட்டு, "எங்க சைடுல ஒண்ணும் பிரச்சினை இல்லைங்க" என்று வைத்துவிட்டார்கள். போனைச் சுவரில் அடிக்கலாம் போல் வந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னுமா? கம்ப்யூட்டர்லதானே இருக்கு? கண்ட்ரோல் எஃப் போட வேண்டியதுதானே?"

"போட்டுட்டுதான் சார் இருக்கேன்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

இரண்டு மணிக்கு அவளுடைய கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. நேரம் பார்த்துக் கழுத்தறுக்கிறதே என்று திட்டிக்கொண்டே சர்வர் அறைக்குப் போனாள். அங்கே முதுகில்லாத ஒரு ஸ்டூல், எழுத்து தேய்ந்த ஒரு கீபோர்டு. பொதுவான ஒரு பெயரில் உள்ளே நுழைந்து 'தேடு' என்று அடித்தாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்றது. அவளுடைய குறுக்குவழி அவளுடைய கணக்கில்தானே இருக்கும்! வேறு வழியில்லாமல் கிரெப்பை முழுசாகக் கையால் அடித்தாள்.

திரை பொலபொலவென்று நிரம்பியது. இந்த ஃபைலைத் திறக்க உனக்கு அனுமதி இல்லை. இதற்கும் இல்லை. இதற்கும் இல்லை. இருபது முப்பது வரி. "சனியனே, புலம்பாம பதிலைச் சொல்லு" என்று வாய்விட்டுக் கத்தினாள். இந்தப் புலம்பல் பிடிக்காமல்தான் தன் குறுக்குவழியின் வாலில் 2>/dev/null என்று சேர்த்திருந்தாள். குறை சொல்லும் வரிகள் எல்லாம் திரைக்கு வராமல் பாழுங்குழியில் போய் விழும். பார்க்கச் சுத்தமாக இருக்கும்.

கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். அந்தப் புலம்பலில் ஒரு வரி அலாரம் கோப்புறையைச் சொன்னது. அங்கே இரண்டாவதாக ஒரு ஃபைல் இருக்கிறது. ரூட் என்கிற தலைமைக் கணக்கைத் தவிர வேறு யாரும் திறக்க முடியாதது. இத்தனை நேரமும் அவள் தேடிய ஒவ்வொரு தடவையும் கிரெப் அந்தக் கதவைத் தட்டி, அனுமதியில்லை என்று வந்து சொல்லியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தியது அவள்தான்.

அவசரத்தில் ரூட்டின் பாஸ்வேர்டை இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவதில் ஃபைல் திறந்தது. இரண்டே வரி. மேல் வரியில் ஒரு குறிப்பு: 'சோதனைக்கு. நாளைக்கு நீக்கிவிடவும்.' பதினாலு மாதத்துக்கு முந்தைய தேதி. கீழ் வரியில் ஒரு நம்பர், அண்ணனின் நம்பரை ஓரங்கட்டிவிட்டு அத்தனை மெசேஜையும் தன் பக்கம் இழுக்கிற நம்பர். அது அவளுடைய பழைய நம்பர். அந்த சிம்மை அம்மாவின் போனில் போட்டுக் கொடுத்தே ஒரு வருஷமாகிறது. இந்தப் பதினாலு மாதத்தில் எந்த ஃப்ரிட்ஜும் படுக்காததால் யாருக்கும் தெரியவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மத்தியானமா? ஆமாண்டி, நாலஞ்சு தடவை வந்துது. மூணாம் நம்பர் ஃப்ரிட்ஜ், மூணாம் நம்பர் ஃப்ரிட்ஜ்னு. நம்ம ஃப்ரிட்ஜ் நல்லாத்தானே ஓடுதுன்னு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். இந்த விளம்பரக்காரங்க தொல்லை தாங்கலடி."

"விளம்பரம் இல்லம்மா" என்றாள். போனை வைத்தாள். மணி இரண்டே முக்கால்.

மேனேஜர் அறைக்கு ஓடினாள். ஸ்வெட்டர் அண்ணன் அங்கே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மேஜையில் ஒரு தாள், கீழே அவருடைய கையெழுத்து.

"வாம்மா. விஷயம் சுமுகமா முடிஞ்சுது" என்றார் மேனேஜர். "தூங்கிட்டேன்னு அவரே எழுதிக் கொடுத்துட்டார். வேலையை விட்டு எடுக்க வேண்டாம், பேக்கிங்குக்கு மாத்திடலாம்னு சொல்லியிருக்கேன்."

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ஏன் அண்ணே எழுதினீங்க? கண்டுபிடிச்சுடறேன்னு சொன்னேன்ல?"

"ராத்திரி பூரா யோசிச்சேன் மேடம்" என்றார் அவர். "வீட்டுலயும், சாப்பிட்டதும் கண் அசந்திருப்பீங்கன்னு சொல்றா. கம்ப்யூட்டர் அஞ்சு தடவை கூப்பிட்டிருக்கு. நான் முழிச்சிருந்தா கேட்டிருக்காதா?"

"உங்களைக் கூப்பிடவே இல்ல அண்ணே! எல்லாம் எங்க அம்மா போனுக்குப் போயிருக்கு. நான்தான் டெஸ்ட்டுக்கு என் நம்பரைப் போட்டு எடுக்க மறந்துட்டேன். சார், அதைக் கிழிச்சுப் போடுங்க. லெட்டர் என் பேர்ல போகட்டும்."

மேனேஜர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "முடிஞ்சு போனதை ஏம்மா கிளறுறே?" என்று முனகினார். அவள் கையை நீட்டித் தாளை எடுத்து நாலாகக் கிழித்து மேஜையிலேயே வைத்தாள்.

ஸ்வெட்டர் அண்ணன் கிழிந்த தாளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் தூங்கலையா மேடம்?" என்று கேட்டார்.