பேராசைச் செல்

பேராசை பிடித்த புற்றுச்செல்லை நீங்கள் எப்போதாவது பார்த்ததுண்டா? இத்தாலியின் பாதுவாவில் எங்கள் ஆய்வகப் பேராசிரியர் ஸோர்சான் நாலு வருடமாகப் பார்த்துவருகிறார். கல்லீரல் புற்றுச்செல், யாரும் தூண்டாமலே கால்சியத்தை வாரி இழுத்து, தன் ஆற்றல் உலையான மைட்டோகாண்ட்ரியாவில் திணித்துக்கொள்கிறது, அந்தத் தெம்பில்தான் பரவுகிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. 'பேராசைச் செல்' என்று பெயரும் வைத்தாயிற்று. பத்திரிகையில் படம் வந்தது. செல்லின் படம் இல்லை, அவருடையது.

கால்சியம் ஏறினால் ஒளிரும் சாயம் போட்டு, அந்தச் செல்களைப் படமெடுத்தவள் ஒர்னெல்லா. அவளுடைய முனைவர் பட்டமே அந்த வெளிச்சத்தை நம்பித்தான் இருந்தது.

மாநாட்டுக்கு முந்தின நாள், செல்கள் மேல் கரைசலைக் கொண்டுவரும் குழாய் கிழிந்துவிட்டது. ஒர்னெல்லா புதுசு மாட்டினாள். செல்கள் ஒளிரவே இல்லை. பரம சாதுவாகக் கிடந்தன.

காப்பிக் கடையில் நின்றபடி குடித்துக்கொண்டிருந்த பேராசிரியரிடம் அவளும் நானும் போனோம்.

"புரொபசர், அது பேராசை இல்ல. ஒவ்வொரு சோதனை முடிவிலயும், உச்ச வெளிச்சம் எவ்வளவுன்னு பாக்க அயனோமைசின் ஊத்துறோம்ல? செல்லோட கதவ உடைச்சு கால்சியத்த உள்ள விடுற மருந்து. அது பழைய குழாய்ல ஒட்டிக்கிட்டு, கழுவினாலும் போகாம, அடுத்த செல் தட்டுக்கும் போயிருக்கு. நாமளே ஊட்டிவிட்டுட்டு, தானா தின்னுதுன்னு சொல்லிட்டிருக்கோம்" என்றாள் ஒர்னெல்லா.

"எத்தன தட்டு பாத்தம்மா?"

"ஆறு."

"நான் நாலு வருஷம் பாத்திருக்கேன்."

"நாலு வருஷமும் அதே குழாய், புரொபசர்."

அவர் சர்க்கரையை நிதானமாகக் கலக்கினார். "அப்ப புதுக் குழாய்லதான் ஏதோ கோளாறு."

"ஆமா புரொபசர், ரொம்ப சுத்தமா இருக்கு. அதான் கோளாறு" என்றேன்.

"உன்ன யாரு கேட்டா?"

அதுவும் நியாயம்தான்.

"நாளைக்கு மாநாட்டுல பேசிட்டு வந்துடறேன், அப்புறம் நிதானமா சரிபாப்போம்" என்றார் ஒர்னெல்லாவிடம். "உனக்குப் பட்டம் வேணும்ல?"

"வேணும்."

"அப்ப பேசாம இரு."

"திரையில அந்தப் படத்தோட என் பேரும் வருதே."

"முதல்லயே வருது. அதுக்கு சந்தோஷப்படேம்மா."

"என் பேர எடுத்துடுங்க, புரொபசர்."

"எடுத்தா அந்தப் படத்த வச்சு நீ பட்டம் வாங்க முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

மறுநாள் காலை பேராசிரியர் பேசினார். திரையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. கைதட்டினார்கள்.